ஐரோப்பாவில் வாக்குரிமை பெற்ற எங்கள் பிள்ளைகளுக்கு



ஒஸ்லோவிலும் ஆர்ஹூஸிலும் பெர்னிலும் பாரிஸிலும் லண்டனிலும் பிறந்து வளர்ந்து, குடியுரிமையும் எடுத்துவிட்ட உங்களுக்கே இதை எழுதுகிறேன். நாங்கள் அகதி முகாமில் விரல் ரேகை கொடுத்துவிட்டுக் காத்திருந்த நாடுகளில் இன்று உங்கள் பெயருக்கு வாக்காளர் அட்டை தபாலில் வருகிறது. ஆனால் அந்த அட்டை ஐரோப்பியப் பாராளுமன்றத் தேர்தலுக்கோ, ஐரோப்பாவைப் பற்றிய பொதுவாக்கெடுப்புக்கோ வந்தால் உங்களில் பலர் அதைப் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. அதுதான் உங்களோடு எனக்குள்ள வழக்கு.

உள்ளூர் அரசியலில் நீங்கள் பின்னிற்கவில்லை. கம்ஷாஜினி குணரட்ணம் 2015இல் ஒஸ்லோவின் துணை மேயரானார், 2021இல் நோர்வேப் பாராளுமன்றத்துக்கே தெரிவானார். அந்தச் செய்தி வந்த நாட்களில் எங்கள் வீடுகளில் வேறு பேச்சே இருக்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் என்று கதை தொடங்கினால் மட்டும் "அது பிரசல்ஸ்காரரின் அலுவல்" என்று எழும்பிப் போகிறீர்கள். இல்லை, பிள்ளைகளே. அது உங்கள் குடும்பத்தின் அலுவல்.

ஒரே வீட்டிலிருந்து புறப்பட்டவர்கள் இன்று எங்கே நிற்கிறார்கள் என்று பாருங்கள். ஜேர்மனியில் இருக்கும் பெரியப்பா ஒன்றியத்தின் நடுவில் இருக்கிறார். யூரோ, ஷெங்கன், பொதுச்சட்டம் எல்லாம் அவருடைய நாட்டுக்கு உண்டு. டென்மார்க்கில் இருக்கும் சித்தப்பாவும் ஒன்றியத்துக்குள்தான், ஆனால் அவருடைய நாடு யூரோவை ஏற்கவில்லை, நீதி, உள்துறைச் சட்டங்களிலிருந்தும் விலகி நிற்கிறது. நோர்வேயில் இருக்கும் மாமா ஒன்றியத்துக்கு வெளியே, அதன் சந்தைக்கு உள்ளே. சுவிஸில் இருக்கும் மாமிக்கு அதுவும் முழுதாக இல்லை, ஒவ்வொரு விடயத்துக்கும் ஒவ்வோர் ஒப்பந்தம். லண்டனில் இருக்கும் சின்னம்மாவின் நாடு உள்ளே இருந்துவிட்டு வெளியே போனது.

இந்த வேறுபாடுகள் வானத்திலிருந்து விழவில்லை. வாக்குப்பெட்டியிலிருந்து வந்தவை. டென்மார்க் 1992 ஜூன் 2இல், ஒன்றியத்தை அமைத்த மாஸ்ட்ரிக்ட் உடன்படிக்கைக்கு 50.7 சதவீதத்தால் "வேண்டாம்" என்றது. அதன் பிறகுதான் யூரோ, பாதுகாப்பு, நீதி, குடியுரிமை ஆகியவற்றில் அதற்கு நான்கு விலகல்கள் கொடுக்கப்பட்டன. அதே ஆண்டு டிசம்பர் 6இல் சுவிஸ் மக்கள் 50.3 சதவீதத்தால், ஒன்றியத்தின் சந்தையில் சேர்க்கும் ஐரோப்பியப் பொருளாதார வலயத்தை மறுத்தார்கள். நோர்வே 1994 நவம்பர் 28இல் 52.2 சதவீதத்தால் ஒன்றியத்தை மறுத்தது. பிரித்தானியா 2016 ஜூன் 23இல் 51.9 சதவீதத்தால் வெளியேற முடிவெடுத்தது. எல்லாமே மயிரிழையில். தொண்ணூறுகளில் எங்களில் பெரும்பாலானோருக்கு வாக்கு இல்லை. உங்களுக்கு இருக்கிறது.

எங்கள் மண்ணையே தொட்ட ஒன்றை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் உங்களில் பலர் அப்போது சின்னப் பிள்ளைகள். 2002 பெப்ரவரி 22இல் நோர்வேயின் அனுசரணையோடு இலங்கை அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானது. அதைக் கண்காணிக்க நோர்வே, ஐஸ்லாந்து, சுவீடன், பின்லாந்து, டென்மார்க் என்று ஐந்து நாட்டவர் வந்தார்கள். ஊரில் எங்கள் ஆக்களுக்கு அவர்கள் எல்லாரும் வெள்ளைக்காரர், எல்லாரும் ஒன்றுதான். 2006 மே 29இல் ஐரோப்பிய ஒன்றியம் விடுதலைப் புலிகளைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. சுவீடனும் பின்லாந்தும் டென்மார்க்கும் ஒன்றியத்தின் அங்கத்துவ நாடுகள் என்பதால் அந்த முடிவில் பங்காளிகள் ஆயின. இனி இவர்கள் நடுநிலையாளர்கள் அல்ல, வெளியேறவேண்டும் என்று புலிகள் கேட்டார்கள். செப்டெம்பர் தொடங்கும்போது மூன்று நாட்டவரும் போய்விட்டார்கள். கண்காணிப்புக் குழுவின் தலைவராக இருந்த சுவீடன் நாட்டு ஜெனரல் உல்ஃப் ஹென்றிக்சனும் போகவேண்டியதாயிற்று. எஞ்சியவர்கள் நோர்வேக்காரரும் ஐஸ்லாந்துக்காரரும் மட்டும். மூதூரிலும் முகமாலையிலும் சண்டை மூண்ட அதே மாதங்களில்தான் கண்காணிக்க வந்தவர்களின் தொகை இப்படிச் சுருங்கியது.

அந்தத் தடை சரியா பிழையா என்று வாதாட இந்த மடலை நான் எழுதவில்லை. நான் கேட்பது வேறு. நோர்வேயும் ஐஸ்லாந்தும் மட்டும் எப்படி அங்கே நிற்க முடிந்தது? அவை ஒன்றியத்துக்கு வெளியே நின்றதால். ஒன்றியத்தின் தடைப்பட்டியலைப் பின்பற்றுவதிலிருந்து நோர்வே 2006 தொடக்கத்தில் தன்னை விலக்கிக்கொண்டது. உள்ளே இருந்த சுவீடனுக்கு அந்த வழி இருக்கவில்லை. வடநோர்வேயின் மீனவரும் விவசாயிகளும் தங்கள் கடலையும் வயலையும் நினைத்து 1994இல் போட்ட "வேண்டாம்" வாக்கு, பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து வன்னியில் யார் நிற்கலாம், யார் நிற்க முடியாது என்பதைத் தீர்மானித்தது. ஒன்றியத்துக்குள்ளே அந்தத் தடை ஒருமனதாக எடுக்கவேண்டிய முடிவு. ஒரேயொரு நாடு மறுத்திருந்தாலும் அது நிறைவேறியிருக்காது. அந்த நாடுகளில் அன்று எங்களுக்கு எத்தனை வாக்கு இருந்தது, எத்தனை அரசியல்வாதிகள் எங்கள் பேச்சைக் கேட்கவேண்டிய நிலையில் இருந்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

வர்த்தகத்தில் கதை நேர்மாறு. அதிலே டென்மார்க்குக்கும் விலகல் இல்லை, யாருக்கும் இல்லை, ஒன்றியம் முழுதும் ஒரே கை. இலங்கைக்கு ஒன்றியம் கொடுக்கும் ஜிஎஸ்பி பிளஸ் வரிச்சலுகை மனித உரிமைக் காரணங்களுக்காக 2010 ஓகஸ்டில் நிறுத்தப்பட்டது, 2017 மேயில் திரும்பக் கொடுக்கப்பட்டது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்கவேண்டும், இல்லையென்றால் சலுகையைத் தற்காலிகமாக நிறுத்துவது பற்றி யோசிக்கவேண்டும் என்று ஐரோப்பியப் பாராளுமன்றம் 2021 ஜூன் 10இல் தீர்மானம் போட்டது. இந்தச் சலுகையில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் ஆடைத் தொழிற்சாலைக்குப் போய்வரும் எங்கள் பெண்களின் சம்பளமும் தொங்குகிறது, அந்தச் சட்டத்தின்கீழ்ச் சிறையில் இருப்பவர்களின் விடுதலையும் தொங்குகிறது. எவ்வளவு கவனமாக எடுக்கவேண்டிய முடிவு! அதைப் பற்றித் தீர்மானம் போடும் சபைக்கு ஆட்களை அனுப்பும் தேர்தலைத்தான் நீங்கள் தட்டிவிடுகிறீர்கள். ஜெனிவாவுக்கு ஒவ்வோர் ஆண்டும் பேருந்து பிடித்துப் போய் ஐ.நா. முன்றலில் கொடி பிடிக்கும் எங்களுக்கு, அந்தச் சபை கூடும் ஸ்ட்ராஸ்பூர்க் அந்த வழியில்தான் இருக்கிறது என்பது இன்னும் உறைக்கவில்லை.

இனி உங்கள் வீட்டுக்குள் வருகிறேன். டென்மார்க் 2002இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. வெளிநாட்டிலிருந்து கணவனையோ மனைவியையோ கூப்பிடுவதென்றால் இருவருக்கும் 24 வயது ஆகியிருக்கவேண்டும். ஒன்றியத்தின் 2003ஆம் ஆண்டுக் குடும்ப ஒன்றிணைவுச் சட்டம், வதிவிட அனுமதியோடு மட்டும் வாழும் வெளிநாட்டவருக்கு ஓரளவு பாதுகாப்புத் தருகிறது. அதன்படி வயது எல்லையை 21க்கு மேல் வைக்க முடியாது. டென்மார்க் விலகி நிற்பதால் அந்தச் சட்டம் அங்கே செல்லாது. ஆனால் ஒன்றியத்தின் நடமாட்ட உரிமையில் டென்மார்க்குக்கு விலகல் இல்லை. ஆகவே என்ன நடந்தது? ஊரிலே திருமணம் செய்த இளம் டென்மார்க் குடிமக்கள் ஓரசுண்ட் பாலத்தைத் தாண்டிச் சுவீடனின் மால்மோவில் வீடெடுத்தார்கள். அங்கே அவர்கள் இன்னொரு அங்கத்துவ நாட்டுக்குக் குடிபெயர்ந்த ஐரோப்பியக் குடிமக்கள், ஆகவே துணையைக் கூப்பிட ஒன்றியச் சட்டம் வழிவிட்டது. காலையில் ரயிலேறிக் கோபன்ஹேகனுக்கு வேலைக்கு வந்து, மாலையில் மனைவியிடம் திரும்பினார்கள். சொந்த நாட்டில் இல்லாத உரிமை அக்கரையில் கிடைத்தது. 2008இல் ஐரோப்பிய நீதிமன்றம் மெட்டொக் வழக்கில் இந்த உரிமையை இன்னும் உறுதிப்படுத்தியது.

கடலுக்கு இக்கரையில் ஒரு சட்டம், அக்கரையில் இன்னொரு சட்டம் என்று பிரிந்த வாழ்க்கைகள் அவை. 2015 டிசம்பர் 3இல் அந்த நீதி விலகலைத் தளர்த்துவதா என்று டென்மார்க் மக்களைக் கேட்டபோது 53.1 சதவீதத்தினர் "வேண்டாம்" என்றார்கள். 2022இல் பாதுகாப்பு விலகலைக் கைவிடுவதா என்று கேட்டபோது மூன்றில் இரண்டு பங்கு "சரி" என்றது. உக்ரைன் போர் மூன்று மாதத்தில் மாற்றிய மனத்தை, குடும்பங்கள் பிரிந்திருப்பது இருபது ஆண்டில் மாற்றவில்லை. ஏனென்றால் அந்தக் குடும்பங்களின் குரல் அந்த வாக்கெடுப்புகளில் போதிய அளவு ஒலிக்கவில்லை. ஆர்ஹூஸ், ஹேர்னிங் பிள்ளைகளே, உங்களைத்தான் சொல்கிறேன்.

இன்னும் குடியுரிமை எடுக்காத உங்கள் அப்பா அம்மாவை நினையுங்கள். ஜேர்மனியில் நீண்டகால வதிவிடத்துக்கான ஐரோப்பிய அந்தஸ்து பெற்ற ஒருவர் நிபந்தனைகளோடு பிரான்சுக்கோ இத்தாலிக்கோ போய் வாழலாம். டென்மார்க்குக்கும் அயர்லாந்துக்கும் அப்படிப் போக முடியாது, அவை அந்தச் சட்டத்தில் சேரவில்லை. முதுமையில் மகளோடு போய் இருக்க நினைக்கும் ஒரு தாய்க்கு இந்த வேறுபாடுகளின் அர்த்தம் அதுதான்.

லண்டன் கதை எனக்கு எல்லாவற்றையும்விட வலிக்கிறது. நெதர்லாந்து, ஜேர்மனி, டென்மார்க், பிரான்ஸ் கடவுச்சீட்டு எடுத்தபின் எத்தனை தமிழ்க் குடும்பங்கள் லண்டனுக்கு வந்து சேர்ந்தன! பிள்ளைகளின் ஆங்கிலக் கல்வி, கோயில், கடை, சொந்தக்காரர் என்று ஆளுக்கொரு காரணம் இருந்தது. ஒன்றியத்தின் நடமாட்ட உரிமைதான் அவர்களைக் கொண்டுவந்து சேர்த்தது. 2016இல் அந்த உரிமையின் தலைவிதி வாக்குக்கு வந்தபோது, நெதர்லாந்துக் கடவுச்சீட்டோடு லண்டனில் வாழ்ந்த தமிழருக்கு வாக்கில்லை. ஆனால் இலங்கைக் கடவுச்சீட்டோடு வதிவிட அனுமதி பெற்று வாழ்ந்த தமிழருக்கு வாக்கிருந்தது, ஏனென்றால் இலங்கை பொதுநலவாய நாடு, பொதுநலவாய நாட்டவர் அந்த வாக்கெடுப்பில் வாக்களிக்கலாம். ஒரே தெருவில் அண்ணனுடைய எதிர்காலம் தம்பியின் கையில் இருந்தது. தம்பிமார் எத்தனை பேர் அதை அறிந்திருந்தார்கள்? எத்தனை பேர் பதிவு செய்தார்கள்? நடந்தது எல்லாருக்கும் தெரியும். பிரித்தானியா 2020 ஜனவரி 31இல் வெளியேறியது. தொடர்ந்து வாழும் உரிமைக்கு 2021 ஜூன் 30க்குள் விண்ணப்பியுங்கள் என்றதும், ஒன்றியக் கடவுச்சீட்டோடு வந்த எல்லாரும் பத்திரங்களைத் தேடி அலைந்தார்கள். இன்று பாரிஸில் இருக்கும் தங்கை லண்டனுக்குக் குடிவர விரும்பினால் அவளும் விசா எடுக்கவேண்டிய வெளிநாட்டவள்.

சுவிஸ் பிள்ளைகளுக்கு ஒரு கணக்குச் சொன்னால் போதும். வெளிநாட்டவர் வருகையைக் கட்டுப்படுத்தும் யோசனை 2014 பெப்ரவரி 9இல் இருபதாயிரத்துக்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது. சுவிஸில் தமிழ் வம்சாவளியினர் ஐம்பதாயிரம் அளவில் இருக்கிறார்கள். அந்த முடிவுக்குப் பிறகு உங்கள் பல்கலைக்கழகங்கள் ஒன்றியத்தின் எராஸ்மஸ் மாணவர் பரிமாற்றத் திட்டத்திலிருந்து வெளியே விடப்பட்டன. குடியுரிமை எடுக்கத் தகுதி இருந்தும் "பிறகு பார்ப்போம்" என்று தள்ளிப்போடுகிற உங்கள் உறவினருக்கும் நண்பருக்கும் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

நோர்வேயில் நிலைமை வேறுவிதமாகக் கசக்கிறது. நாடு வெளியே நிற்கிறது, ஆனால் பொருளாதார வலய உடன்படிக்கையின் பேரில் சட்டங்கள் உள்ளே வந்துகொண்டே இருக்கின்றன. ஒன்றியச் சட்டங்களில் ஏறக்குறைய முக்கால்வாசியை நோர்வே ஏதோவொரு வழியில் ஏற்றுக்கொண்டுவிட்டதாக நோர்வே அரசே நியமித்த குழு 2012இல் அறிக்கை கொடுத்தது. அந்தச் சட்டங்கள் எழுதப்படும் மேசையில் நோர்வேக்கு வாக்கில்லை. உடன்படிக்கையில் மறுக்கும் உரிமை இருக்கிறது, ஆனால் அதை இறுதிவரை கொண்டுபோய்ப் பயன்படுத்தியதே இல்லை. உங்கள் பெற்றோரில் பலர் வேலை செய்யும் மீன் தொழிற்சாலைகளின் ஏற்றுமதி விதிகளும் வேலை விதிகளும் பெருமளவுக்குப் பிரசல்ஸில் முடிவாகின்றன. ஒஸ்லோப் பாராளுமன்றத்துக்கு ஆளை அனுப்பிவிட்டோம் என்று ஓய்ந்திருக்க முடியாது. அனுப்பியவரிடம் இதைக் கேட்கவேண்டும்.

உங்களில் சிலர் எனக்கு மறுமொழி சொல்வீர்கள் என்று தெரியும். இந்த ஒன்றியம் அகதிகளுக்குக் கதவடைக்கும் ஒன்றியம், தஞ்சக் கோரிக்கையை முதலில் வந்த நாடே விசாரிக்கவேண்டும் என்ற டப்ளின் சட்டத்தைக் காட்டி எங்கள் ஆக்களை நாடு நாடாகத் திருப்பி அனுப்பிய ஒன்றியம், அதற்கு வாக்குப் போட்டு என்ன பயன் என்பீர்கள். உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் கவனியுங்கள். நோர்வேயும் சுவிஸும் மற்ற எத்தனையோ விடயங்களில் வெளியே நின்றாலும் டப்ளினில் உள்ளே வந்து சேர்ந்தன. நீதி விலகல் வைத்திருக்கும் டென்மார்க்கும் தனி ஒப்பந்தம் செய்து டப்ளினில் சேர்ந்தது. திருப்பி அனுப்புவதில் எல்லாரும் ஒரே அளவில் இணைந்திருக்கிறார்கள், குடும்பத்தைச் சேர்த்துவைப்பதில்தான் ஆளுக்கோர் அளவு. இது தற்செயல் அல்ல. வாக்குள்ளவர்கள் கேட்டது நடந்திருக்கிறது, வாக்கில்லாதவர்கள் கேட்டது நடக்கவில்லை. புதிய தஞ்ச உடன்படிக்கையை 2024இல் நிறைவேற்றியதும் இதே ஐரோப்பியப் பாராளுமன்றம்தான். அந்த ஆண்டு நடந்த தேர்தலில் வாக்காளரில் பாதிப்பேர் அளவிலேயே வாக்களித்தார்கள்.

எல்லா நாடும் ஒரே அளவில் இணையவேண்டும் என்று நான் கேட்கவில்லை. பெரிய மையம் ஒன்று சிறிய சமூகத்தின் முடிவுகளைத் தன் கையில் எடுத்துக்கொண்டால் என்ன நடக்கும் என்று எங்களுக்கு யாரும் பாடம் நடத்தவேண்டியதில்லை. தன் கடலைத் தானே ஆள நினைத்த நோர்வே மீனவரை நான் மதிக்கிறேன். தன் நாணயத்தை விடமாட்டேன் என்ற டென்மார்க்காரரையும் மதிக்கிறேன். ஒரு சிறு நாடு எவ்வளவு சேர்வது, எவ்வளவு தனித்து நிற்பது என்று ஆயுதமின்றி, தன் மக்களைக் கேட்டு முடிவெடுக்க முடிகிற ஓர் ஏற்பாடு இந்த உலகத்தில் அபூர்வம். இலங்கைத் தீவில் அப்படி ஒன்று இருந்திருந்தால் நீங்கள் இங்கே பிறந்திருக்கமாட்டீர்கள். அதனால்தான் அந்த ஏற்பாட்டில் நீங்கள் பங்கெடுக்காமல் இருப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

அவசரம் இப்போது கூடியிருக்கிறது. உக்ரைனும் மோல்டோவாவும் 2022இல் வேட்பாளர் நாடுகளாயின, மேற்கு பால்கன் நாடுகள் ஆண்டுக்கணக்கில் வாசலில் நிற்கின்றன. இவ்வளவு பேரையும் ஒரே அளவில் உள்ளே எடுக்க முடியாது என்ற பேச்சு வலுக்கிறது. பிரான்சும் ஜேர்மனியும் நியமித்த நிபுணர் குழு ஒன்று 2023 செப்டெம்பரில் நான்கு வளையங்களாக ஐரோப்பாவை அமைக்கலாம் என்று எழுதியது. நடுவில் நெருங்கி இணைந்த நாடுகள், அடுத்து ஒன்றியம், அதற்கு வெளியே துணை அங்கத்தவர், அதற்கும் வெளியே ஐரோப்பிய அரசியல் சமூகம். எந்த வளையத்தில் எந்த உரிமை இருக்கும், நடமாட்டம் எதுவரை, குடும்பம் எதுவரை, கடமை மட்டும் எதுவரை என்ற கேள்விகளுக்கு இன்னும் முடிவில்லை. முடிவெடுக்கப்படும்போது எந்தக் குடும்பங்கள் இந்த வளையங்கள் எல்லாவற்றிலும் சிதறி வாழ்கின்றனவோ, அவை மேசையில் இருக்கவேண்டும். எங்களைப்போல் சிதறி வாழ்கிறவர்கள் ஐரோப்பாவில் அதிகம் இல்லை.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இவைதான். ஒன்றியத்தின் குடிமக்களாக இருப்பவர்கள் 2029இல் வரும் ஐரோப்பியப் பாராளுமன்றத் தேர்தலில் வாக்களியுங்கள். டென்மார்க் கடவுச்சீட்டோடு ஜேர்மனியில் வாழ்ந்தால் ஜேர்மனியிலேயே பதிவு செய்து வாக்களிக்க உங்களுக்கு உரிமை உண்டு, அங்கே நகரசபைக்கும் வாக்களிக்கலாம். ஜேர்மனி, பெல்ஜியம், ஒஸ்திரியா நாடுகளில் உங்கள் தம்பி தங்கைமார் 16 வயதிலேயே ஐரோப்பியத் தேர்தலில் வாக்களிக்கலாம், அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். தமிழாலயம், தமிழ்ச்சோலை போன்ற எங்கள் தமிழ்ப் பள்ளிகளிலும் கோயில் மண்டபங்களிலும் வேட்பாளர்களை அழைத்து உட்கார வையுங்கள். குடும்ப ஒன்றிணைவில் உங்கள் கட்சியின் நிலை என்ன, குடியுரிமை இல்லாத பெற்றோர் நாடு மாறி வாழ வழி செய்வீர்களா, இலங்கைக்கான வரிச்சலுகையில் என்ன நிபந்தனை வைப்பீர்கள் என்று கேளுங்கள். நோர்வேயிலும் சுவிஸிலும் இருப்பவர்கள் இதே கேள்விகளை உங்கள் பாராளுமன்ற உறுப்பினர்களிடம் கேளுங்கள், அடுத்த பொதுவாக்கெடுப்பு வருமுன் கேளுங்கள். லண்டன் பிள்ளைகள், உங்கள் வீட்டில் வாக்குரிமை உள்ள எல்லாருடைய பெயரும் பதிவில் இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள்.

குடியுரிமை எடுக்காத ஒருவர் வீட்டில் இருந்தால், வாக்குச்சாவடிக்குப் போகுமுன் அவரிடம் என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டுப் போங்கள். அவருக்கும் சேர்த்து வாக்களிக்கக்கூடியவர் அந்த வீட்டில் நீங்கள்தான்.